பதினேழாவது கேள்வி

சமூகப் பொறுப்புச் சான்றிதழை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகத் தேர்ந்தெடுக்கும். அதன் முத்திரை பழுப்பு அட்டையில் ஒற்றை நிறத்தில் பளிச்சென்று விழுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தது பாப்பாக்காவின் அண்ணனுடைய அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பாப்பாக்காவுக்கு ஏறிய எரிச்சல் மூன்று வாரமாகியும் இறங்கவில்லை.

பாப்பாக்கா முதலாளியின் கூடப்பிறந்த தங்கை. தரம், பாதுகாப்பு, வருகிற போகிற அதிகாரிகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள் தலையில்தான். வீட்டில் 'அண்ணா', கம்பெனியில் 'சார்' என்று முதல் நாளே ஒரு கோடு போட்டுக்கொண்டவள். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அதைத் தாண்டியதில்லை. அண்ணன் கண்ணில் அந்தக் கோடு பட்டதேயில்லை. ஓடுகிற மெஷின் சத்தத்துக்கு மேலே 'பாப்பா' என்று கத்துவார். கேட்டுக் கேட்டு ஆட்களும் அவளைப் பாப்பாக்கா ஆக்கிவிட்டார்கள். நாற்பத்துமூன்று வயதில், மூக்குக்கண்ணாடியும் இடுப்புவலியுமாகப் பாப்பா.

எல்லாம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. கம்பெனியில் அடிக்கிற பெட்டிகளில் பாதி ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் எழுதியிருந்தார்கள்: அடுத்த வருஷமும் எங்களுக்குப் பெட்டி தர வேண்டுமானால், உங்கள் ஆட்களை ஒழுங்காக நடத்துகிறீர்கள் என்பதற்குக் கீழ்க்கண்ட சான்றிதழ்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; எது என்று அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். கீழே ஒன்பது பெயர்கள். பாப்பாக்கா இரண்டு வாரம் ராப்பகலாகப் படித்து, ஒவ்வோர் ஆபீசுக்கும் போன் போட்டுத் தொண்டை வற்றி, ஒன்பதை மூன்றாகக் குறைத்து ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்தாள்.

முதலாவதற்கு யாரும் நேரில் வர மாட்டார்கள். கம்ப்யூட்டரில் நாற்பது கேள்வி. ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனால் பத்தாம் நாள் சான்றிதழ் மெயிலில் வந்து நிற்கும். இரண்டாவதற்கு ஐம்பது செடி நட்டு, செடிக்குப் பக்கத்தில் முதலாளி சிரித்தபடி நின்று போட்டோ அனுப்ப வேண்டும். மூன்றாவதுதான் கெடுபிடி. சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேர் வருவார்கள். முதலாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆட்களோடு தனியாகப் பேசுவார்கள். ஒவ்வொரு கதவையும் திறந்து பார்ப்பார்கள். மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும் என்று பாப்பாக்கா கடைசியில் எழுதி, காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை போட்டு அடிக்கோடிட்டிருந்தாள்: பின்கதவு.

பசைப் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள். அட்டையை மடித்துப் பசை போட்டு ஒட்டுவது அவர்கள் வேலை. அந்த அறைக்கு முன்னால் ஒரு வழி. அதையும் பாதிக்கு மேல் அட்டைக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருக்கும். பின்னால் ஓர் இரும்புக் கதவு. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கதவு வழியாக இரண்டு மோட்டார் திருடு போனது. அன்றைக்கே அண்ணன் பூட்டு வாங்கிவந்து போட்டுப் பூட்டினார், பூட்டியது பூட்டியதுதான். போன வருஷம் பசை மெஷின் புகைந்தபோது இருபத்திரண்டு பேரும் முண்டியடித்துக்கொண்டு முன்வழியாகத்தான் ஓடினார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருக்கும் பசையம்மா எல்லோரையும் முன்னால் தள்ளி அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்து, கட்டு தடுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். இன்னும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். கதவைத் திறந்து வையுங்கள் என்று பாப்பாக்கா மாதம் தவறாமல் எழுதிக் கொடுத்தாள். அண்ணன் மாதம் தவறாமல் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். சாவி என்னிடம்தானே இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை, அன்றைக்கும் சாவியோடு ஓடி வந்துகொண்டுதான் இருந்தேன், அதற்குள் நீங்களே வெளியே வந்துவிட்டீர்கள் என்பார்.

கரடியாகக் கத்தியும் நடக்காததை ஒரு சான்றிதழாவது நடத்தி வைக்கட்டும் என்பதுதான் அவள் ஆசை. அந்த ஆசையோடுதான் கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டத்தில் மூன்று பேர். அண்ணன், பாப்பாக்கா, டிசைனர். சமூகப் பொறுப்புக்கும் டிசைனருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, லோகோ இருக்கிறதே என்றார் அண்ணன். டிசைனருக்கு அறுபது வயதாகப் போகிறது. ஒரு பெட்டியின் படத்திலிருந்து வெட்டி இன்னொரு பெட்டியில் ஒட்டியே காலத்தை ஓட்டியவர் என்பதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முதலாளி வாயிலிருந்து எது விழுந்தாலும் நீள நோட்டில் குறித்துக்கொள்வார். குறித்ததைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு ஒரு டிக் போடுவார். முப்பது வருஷமாக அவர் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. அதற்காகவே அண்ணனுக்கு அவரைப் பிடிக்கும்.

பாப்பாக்கா எழுதிய பக்கங்களை அண்ணன் புரட்டக்கூட இல்லை. முத்திரைகளைத்தான் வரிசையாக வைத்துப் பார்த்தார். முதலாவதில் ஒரு பூமி உருண்டை, ஒரு இலை, அதைச் சுற்றி வானவில். நம் அட்டையில் அடித்தால் சேறு அப்பின மாதிரி இருக்கும் என்றார் கத்தரிக்கோல். மூன்றாவதில் வட்டத்துக்குள் ஒரு கை, அவ்வளவுதான். தடித்த கோடு, ஒரே நிறம். செருப்புக் கம்பெனிக்காரர்கள் இந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பெட்டிக்கு நாமே இதை அடித்துக் கொடுத்திருக்கிறோம், வெண்ணெய் மாதிரி விழும் என்றார். எந்தச் சுவரில் மாட்டுவது, சட்டம் மரமா தகரமா என்று முக்கால் மணி நேரம் போனது. கதவு என்ற வார்த்தையைப் பாப்பாக்கா நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார்.

"பாப்பா, பரீட்சை அந்த முதலாவதோடது. லோகோ இந்தக் கை. இப்படி வச்சுக்க முடியாதா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாப்பாக்கா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அண்ணனையே பார்த்தாள். ஒரே வயிற்றில்தான் இரண்டு பேரும் பிறந்தோமா என்று சந்தேகம் வந்தது. அப்படியெல்லாம் முடியாது சார் என்று மட்டும் சொன்னாள். சரி, முதலாவதையே போட்டுத் தொலை என்று அவர் எழுந்து போனார். கத்தரிக்கோலும் நோட்டை மூடிக்கொண்டு போனார். அவர் நோட்டில் என்ன குறித்திருந்தார் என்று அன்றைக்கே ஒருநடை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

முதலாளி சொன்ன பிறகு என்ன செய்வது? பாப்பாக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது கேள்விக்கு உட்கார்ந்தாள். பதினாறு வரைக்கும் மனசாட்சி உறுத்தாமல் போனது. பதினேழாவது: வேலை நேரத்தில் எல்லா வெளிவாசல்களும் பூட்டப்படாமல் இருக்கின்றனவா? இல்லை என்று அழுத்தினாள். அதற்குமேல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆமாம் என்று அழுத்தினால்தான் பதினெட்டாவது வரும்.

அண்ணன் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அது பூட்டு இல்லை, சாத்தி வைத்திருப்பது என்று முதலில் சப்பைக்கட்டு கட்டினார். சாவி இருந்தால் பூட்டின மாதிரி ஆகாது என்றார். கேள்வி கேட்டவன் பெட்டி கம்பெனி நடத்தியிருக்கிறானா என்றார். பிறகு குரல் ஏறியது.

"ஒரு பட்டனை அழுத்தறதுக்கு என்ன பிடிவாதம் உனக்கு?"

"பொறுப்பு அதிகாரின்னு என் பேரு போட்டிருக்கு சார். பொய் சொல்ல மாட்டேன். கதவைத் திறங்க, இப்பவே அழுத்தறேன்."

கதவைத் திறக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. திறக்கவும் இல்லை. மூன்று நாள் அந்தக் கேள்வி கம்ப்யூட்டரில் அப்படியே நின்றது. இரண்டாம் நாள் அண்ணி வீட்டிலிருந்து போன் செய்து, அவர் சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன் என்கிறார், அழுத்தித் தொலையேன் என்று கெஞ்சினாள். கதவைத் திறக்கச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சுங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டுப் பாப்பாக்கா போனை வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் வீட்டு மனிதரோடு சண்டை போட்டுக்கொண்டு, அவருக்கே நல்லது செய்வதற்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

நான்காம் நாள் காலை பிஸ்கட் கம்பெனியிலிருந்து கொள்முதல் பார்க்கும் அம்மா பேசினாள். அண்ணன் போனை மேஜையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். அந்த அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கை போட்ட சான்றிதழை வாங்குவதுதான் கஷ்டம், நீங்கள் சொல்லாமலே வாங்கிவிட்டீர்களே, நேற்று வந்த பெட்டிகளில் பார்த்தோம், சான்றிதழ் நம்பரை மட்டும் அனுப்புங்கள் என்றாள்.

இதோ கூப்பிடுகிறேன் என்று போனை வைத்த அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பாக்கா போய் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடி மடிப்பில் எப்போதும் இருக்கும் கம்பெனி பெயர். அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு கை. வெண்ணெய் மாதிரிதான் விழுந்திருந்தது.

கத்தரிக்கோல் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கூட்டம் நடந்த தேதி, கீழே 'லோகோ: கை', பக்கத்தில் ஒரு டிக்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, லோகோ இந்தக் கைன்னு. செருப்புப் பெட்டிலேர்ந்து எடுத்து அன்னிக்கே அச்சுப் பிளேட் போட அனுப்பிட்டேன்."

அவரிடம் பொய்யில்லை, கள்ளமில்லை. திட்டுவதற்குக்கூட அண்ணனுக்கு ஓரிடம் கிடைக்கவில்லை. கம்பெனியிடம் இல்லாத சான்றிதழ் ஆறாயிரம் பெட்டியின் அடியில் ஏறி ஊர் போய்விட்டது. பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் அவர் தங்கையைப் பார்த்தது உண்மை. அவள் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டு, நீயே பேசு என்றார்.

பாப்பாக்கா திரும்பப் போன் போட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அந்த அம்மாவின் குரலில் இருந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. முத்திரை மேலே ஸ்டிக்கர் ஒட்ட உங்கள் ஆட்களை அனுப்புங்கள், அந்தக் கைச் சான்றிதழுக்கே இன்றைக்கு விண்ணப்பம் போடுங்கள், அதில் வெளிவாசல் போட்டோ கேட்பார்கள், எல்லாக் கதவும் திறந்திருக்கிற போட்டோவை மத்தியானத்துக்குள் எனக்கும் அனுப்புங்கள், அப்புறம் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் எழுந்தார். ஒரு நிமிஷ வேலை என்று இப்போதும் சொன்னார். சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அட்டைக் கட்டுகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து பின்கதவுக்குப் போனார். போனைக் கையில் பிடித்தபடி பாப்பாக்கா பின்னாலேயே போனாள். இருபத்திரண்டு பேரும் பசைக் கையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

சிவப்பு நூல் கட்டிய சாவியை அண்ணன் பூட்டுக்குள் விட்டார். உள்ளே போனது, திரும்பவில்லை. துருவாக இருக்கும் என்று எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய் விட்டுத் திருப்பினார். கிடங்குக்கென்று பச்சை நூல் கட்டிய சாவியை விட்டார். கொத்தில் இருந்த பதினான்கு சாவியையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். மறுபடி சிவப்பு நூலுக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பாப்பாக்கா அந்தச் சிவப்பு நூல் சாவியையும் பச்சை நூல் சாவியையும் வாங்கிச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் ஒன்று. திருட்டு நடந்த அன்று அண்ணன் ஒரே மாதிரி இரண்டு பூட்டு வாங்கினார். ஒன்று கிடங்குக்கு, ஒன்று இந்தக் கதவுக்கு. பூட்டுக்கு இரண்டிரண்டு சாவி; இடுப்பில் இருந்த இரண்டுமே கிடங்குச் சாவி. இந்தக் கதவின் சாவி மூன்று வருஷமாக எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. முப்பத்தாறு மாதம் அவர் தட்டித் தட்டிக் காட்டிய கொத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை.

பசையம்மா சாய்ந்து சாய்ந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்குப் புகை வந்தப்போ இந்தச் சாவியைத்தானே சார் எடுத்துக்கிட்டு ஓடி வந்தீங்க?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவுதான். அண்ணன் சாவிக்கொத்தைப் பக்கத்திலிருந்த அட்டைக் கட்டின் மேல் வைத்தார்.

ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் ரம்பம் வைத்து அறுத்தார். பாப்பாக்கா பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். பதினோரு நிமிஷம் ஆனது. புகை இல்லை, இருட்டு இல்லை, யாரும் கத்தவில்லை, அப்படியும் பதினோரு நிமிஷம். கதவு கிறீச்சிட்டுக்கொண்டு திறந்து பின்சந்து வெளிச்சம் தரையில் விழுந்தது. பசையம்மா தன் இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கதவுவரை ஒவ்வோர் எட்டாக எண்ணிக்கொண்டு நடந்து வந்தாள். அந்தக் காலோடு ஒன்பது எட்டுதான். மற்றவர்களும் சத்தமில்லாமல் தங்கள் இடத்திலிருந்து மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, பாப்பாக்கா அங்கேயே ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து மூன்றாவது சான்றிதழின் விண்ணப்பத்தைத் திறந்தாள். வெளிவாசல்கள் எந்தத் தேதியிலிருந்து திறந்து வைக்கப்பட்டுள்ளன என்று கேட்டிருந்தது. அண்ணன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். வழக்கம்போல ஏதாவது மழுப்பப் போகிறார் என்று அவள் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தாள்.

"இன்னைக்குன்னே போடு," என்றார் அவர். "காரணம் கேட்டிருந்தா அதையும் எழுது. சாவியே இல்லன்னு எழுது."

மூன்று வாரமாக அடைத்துக்கொண்டிருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

"சரிண்ணா," என்றாள்.