சண்டை முடியட்டும், விடுறன்

1

இந்தக் கதை ஒரு கார்க் கண்ணாடியிலிருந்து பிறந்தது. கனடாவில், மல்வேர்னிலிருந்து ஒஷாவாவுக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஒரு சாண் இறங்கியே இருக்கும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, ஜூன் மாதக் காலையொன்றில் முழுதாக ஏறியிருந்தது. காரோட்டியோ சிகரெட் மாதிரி ஒன்றை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருமல் வரவில்லை. கதைக்கரு அவ்வளவுதான். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று அப்போதே தெரியும். எழுத்து விஷயத்தில் எனக்குத் தன்னடக்கம் குறைவு.

காரோட்டியின் பெயரை மாற்றிவிட்டேன். கதையில் அவர் நீக்கிலாப்பிள்ளை. கார்களுக்குச் சீற் செய்யும் தொழிற்சாலையில் அவரும் நானும் ஒரே ஷிஃப்ற். அவரிடம் கார் இருந்தது, என்னிடம் இல்லை. ஓசியில் போகிறவன் புகையைப் பற்றி முறைப்பாடு சொல்லக்கூடாது என்ற நாகரிகம் எனக்குண்டு. ஆகவே ஒரு காது குளிரில் விறைக்க, மற்றக் காது ஹீற்றரில் வேக, பல பனிக்காலங்கள் அவருடன் போய்வந்தேன்.

முதல் வரிக்காக எழுதிப் பார்த்தவை கீழே கிடக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை.

"நீக்கிலாப்பிள்ளையின் வாயிலிருந்து புகை, எரியும் ஊரொன்றின்..." [வேண்டாம். சிகரெட்டைக் கண்டவுடன் போரை எழுதும் வியாதி எனக்கு வேண்டாம்.]

"நீக்கிலாப்பிள்ளை குருநகரில் பிறந்து, பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் புகைக்கப் பழகி..." [கடவுச்சீட்டு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது.]

"அந்த வருடம் மே மாதம் யுத்தம் முடிந்தது." [நல்ல வரி. ஆனால் நீக்கிலாப்பிள்ளை ஒப்புக்கொள்ளாத வரியும் இதுதான். அவர் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் கதை. அதை முதல் வரியிலேயே போட்டு உடைப்பேனா?]

2

2009 வரைக்கும் ஸ்காபரோவில் எங்களுக்கு இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. ஒன்று சுவரில் தொங்குவது. மற்றது "சண்டை முடிய" என்பது. ஊர்க்காணிக்கு வேலி அடைப்பது சண்டை முடிய. அம்மாவைப் பார்க்கப் போவது சண்டை முடிய. பேரப்பிள்ளைக்குக் காது குத்துவதைக்கூட ஒருவர் சண்டை முடிய என்று வைத்திருந்தார். பிள்ளை வளர்ந்து தானே மோலில் போய்க் குத்திக்கொண்டு வந்துவிட்டது.

நீக்கிலாப்பிள்ளை சிகரெட்டை விடுவதும் அந்த நாட்காட்டியில்தான் இருந்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அவருடைய மனைவி பேர்ணடெற் தொடங்குவார்.

"இஞ்சருங்கோ, இந்தமுறை எண்டாலும் உதை விடுங்கோவன்."

"சண்டை முடியட்டும், விடுறன்."

நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டொக்டருக்கும் இதே பதில். டொக்டர் தமிழர். சரியென்று தலையை ஆட்டினாராம்.

[இடைக்குறிப்பு: முதல் பிரதியில் பேர்ணடெற்றை நான் ஒரு நச்சரிப்புக்காரியாக எழுதியிருந்தேன். அப்படி எழுதுவது சுலபம், சிரிப்பும் வரும். இரண்டாம் பிரதியில்தான் அவர் எனக்குப் பிடிபட்டார். மூன்றாம் பகுதியைப் படித்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.]

எல்லோரும் அதை வெறும் சாக்குப்போக்கு, சாட்டு என்று நினைத்தார்கள். சாட்டுத்தான். ஆனால் சாட்டுக்குள் ஒரு ஆள் இருந்தான். தம்பி கஸ்பர். முல்லைத்தீவில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். சனத்தோடு சனமாகக் கடற்கரை மணலுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போனான். எங்காவது ஒரு ஃபோன் அகப்படும்போது அண்ணனுக்கு எடுப்பான். ஏப்ரல் கடைசியில் எடுத்தபோது, "பங்கருக்கை தண்ணி வந்திட்டுது, பிறகு எடுக்கிறன்" என்றான். அந்தப் பிறகுக்காகத்தான் நீக்கிலாப்பிள்ளை காத்திருந்தார்.

3

மே 18, திங்கட்கிழமை. யுத்தம் முடிந்துவிட்டதென்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொன்னன. அன்று கனடாவில் விக்ரோறியா நாள், பொது விடுமுறை. செத்துப்போன மகாராணி ஒருவரின் பிறந்தநாளுக்காக ஊர் முழுக்க வாணவேடிக்கை.

[இடைக்குறிப்பு: இதை நான் கற்பனை செய்திருந்தால், "மிகை" என்று நீங்கள் ஓரத்தில் எழுதியிருப்பீர்கள். நான் செய்யவில்லை. கோபமென்றால் நாட்காட்டியோடு கோபியுங்கள்.]

மாலையானதும் மல்வேர்ன் ரவுண்ஹவுஸ்களுக்கு நடுவிலுள்ள கார்த் தரிப்பிடத்தில் பிள்ளைகள் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நீக்கிலாப்பிள்ளையின் தோள் ஒருமுறை தூக்கி இறங்கியது. [இதை நான் பார்க்கவில்லை. ஆனால் தூக்கி இறங்கியிருக்கும். பந்தயம் கட்டத் தயார்.]

அதன்பின் நடந்தது கற்பனை இல்லை. பேர்ணடெற் என் மனைவியிடம் சொன்னது.

"முடிஞ்சுதெண்டு சொல்லுறாங்கள்" என்றாராம் பேர்ணடெற்.

"ஆர் சொல்லுறது?"

"எல்லா ரீவியும் சொல்லுது."

"தம்பி சொல்லேல்லையே."

அவர் சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அந்த வீட்டுக்குள் ஒருநாளும் ஒருவரும் புகைத்ததில்லை. பேர்ணடெற்றின் சட்டம் அது. மைனஸ் முப்பதிலும் அவரை வெளியே அனுப்பிய சட்டம். இத்தனை வருடம் கேட்ட வாக்கை அன்று பேர்ணடெற் கேட்டிருக்கலாம். சண்டை முடிந்துவிட்டது, இனி விடுங்கோ என்று சொல்ல அவரை விட உரிமையுள்ளவர் யார்? பேர்ணடெற் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"வெளியிலை வெடி கொளுத்துறாங்கள். போகவேண்டாம். உள்ளை இருந்து பத்துங்கோ."

ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டைச் சாம்பலுக்கென்று முன்னால் வைத்தார். நீக்கிலாப்பிள்ளை பற்றவைத்து இரண்டு இழுவை இழுத்தார். மூன்றாவதற்கு மூச்சு வரவில்லை. தட்டில் நசுக்கிவிட்டு அழுதார். இந்த இடத்தை அழகாக எழுத எனக்கு வேறு பத்து வழிகள் தெரியும். அழுதார் என்பதே போதும்.

4

இனி அந்தக் கண்ணாடி ஏறியிருந்த காலைக்கு வருகிறேன்.

"உதென்ன அண்ணை?" என்று கேட்டேன். பார்வைக்கு அசல் சிகரெட். இழுக்கும்போது நுனியில் நெருப்புக்குப் பதில் ஒரு நீல லைற் எரிந்தது.

"பற்றறிச் சிகரெட். மோலிலை ஃபோன் கவர் விக்கிறவன் வைச்சிருந்தவன். சார்ஜ் போடோணும்."

"நல்லதோ?"

"சுடுதண்ணிக்கை சில்லறைக் காசைப் போட்டு ஆவி பிடிச்சமாதிரிக் கிடக்கு."

"அப்ப மற்றது?"

அவர் சேர்ட் பொக்கற்றைத் தட்டிக் காட்டினார். உடைக்காத சிகரெட் பெட்டி உள்ளே இருந்தது. "உது கிடக்கட்டும்."

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சிகரெட்டை நாங்கள் பத்துகிறோம். பத்துவதென்றால் நெருப்பு வேண்டும். இதில் நெருப்பில்லை, சாம்பலில்லை, கடைசியில் எறியும் குறள் துண்டுமில்லை. ஆகவே "நான் இப்ப பத்துறேல்லை" என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. "விட்டிட்டன்" என்றும் அவர் சொல்லவில்லை. அதுவும் பொய்யில்லை. பத்தவும் இல்லை, விடவும் இல்லை. உலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் இந்தப் பொருளைச் சுவாசப்பைக்காக வாங்கினார்கள். நீக்கிலாப்பிள்ளை அதை இலக்கணத்துக்காக வாங்கினார்.

புரியாதவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறேன். சிகரெட்டை விட்டால் சண்டை முடிந்துவிட்டது. சண்டை முடிந்துவிட்டதென்றால் கஸ்பர் ஃபோன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் கஸ்பர் இல்லை. அதே சமயம், பழையபடி பற்றவைக்க நினைத்தால் அந்தக் கோப்பைத் தட்டு நினைவுக்கு வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நிற்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அது பற்றறியில் வேலை செய்தது.

உடம்புக்கு இதெல்லாம் தெரியாது. அது தன்பாட்டில் தேறத் தொடங்கியது. தொழிற்சாலைப் படிகளில் என்னை முந்தினார். சீற்றுக்குப் பூசும் பசை இவ்வளவு மணக்குமா என்று ஆச்சரியப்பட்டார். தான் தேறிவருவது அவருக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

5

நவம்பர் வந்தது. கத்தோலிக்கருக்கு அது மரித்தோர் மாதம். பேர்ணடெற் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கப் போனார். கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்ளும் அமிர்தநாதர் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"கஸ்பர்... ஆத்துமத்துக்கோ, சுகத்துக்கோ?"

செத்தவர்களுக்கென்றால் ஆத்துமத்துக்கு. இருக்கிறவர்களுக்கென்றால் சுகத்துக்கு. மூன்றாவது வகைப் பூசை திருச்சபையில் இல்லை. பேர்ணடெற் வெளியே வந்து, காருக்குள் இருந்த கணவரிடம் கேட்டார். பின் சீற்றில் ஓசிப் பயணியாக நானும் இருந்தேன், ஆகவே இது நேரில் கண்டது.

"என்னெண்டு குடுக்க? சொல்லுங்கோ."

நீல லைற் எரிந்தது, அணைந்தது. திரும்பவும் எரிந்தது.

"நான் ஆத்துமத்துக்கெண்டு குடுக்கப்போறன்" என்றார் பேர்ணடெற். "செபமில்லாமல் எவ்வளவு நாளைக்கு அந்தப் பிள்ளையை விடுறது?"

"இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசை குடுப்பீரோ?"

"இல்லாட்டி?"

"பேரை மட்டும் வாசிக்கச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வாசித்தார்கள். மற்றப் பெயர்களுக்கெல்லாம் முன்னாலோ பின்னாலோ ஏதோ இருந்தது. கஸ்பர் என்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. சாமியார் ஏதோ விடுபட்டுவிட்டதென்று தாளைத் திருப்பிப் பார்த்தார்.

6

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றும் நன்றாகவே வந்தன.

முடிவு அ: கஸ்பர் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஃபோன் எடுக்கிறான். [வெட்டியது. வாசகர் அழுவார், அடுத்த நாள் என்னை மதிக்கமாட்டார்.]

முடிவு ஆ: நீக்கிலாப்பிள்ளை பொக்கற்றில் கிடக்கும் பெட்டியை உடைத்துப் பழையபடி பத்தத் தொடங்குகிறார். [வைத்திருந்தேன். சோகமாக முடிந்தால் இலக்கியம் என்று நம்புகிற ஆட்கள் உண்டு.]

முடிவு இ: பற்றறியையும் பெட்டியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, பேர்ணடெற்றிடம், "ஆத்துமத்துக்கெண்டே குடும்" என்கிறார். [இதுதான் சரியான முடிவு. எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.]

நேற்றுச் சனிக்கிழமை மல்வேர்னில் ஒரு கோப்பிக் கடையில் வைத்து நீக்கிலாப்பிள்ளைக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வெட்டியவற்றையும் சேர்த்து.

"எனக்கென்ன காணும் நீக்கிலாப்பிள்ளை எண்டு பேர்? எங்கடை பாட்டனுக்குக்கூட அந்தப் பேர் இல்லை."

"மாத்திறன் அண்ணை."

"ஃபில்டரைக் கடிச்சுக் கடிச்சுப் பத்துவார் எண்டு எழுதியிருக்கிறீர். நான் ஒருநாளும் கடிச்சதில்லை." [அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆகவே நீங்கள் அதைப் படிக்கவில்லை.]

பிறகு கோப்பிக் கப்பைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"உந்த முதலாவது முடிவை ஏன் வெட்டினீர்?"

"அது நடக்கேல்லையே அண்ணை."

"நான் ஃபில்டர் கடிச்சதும் நடக்கேல்லை. அதை எழுதினீர்தானே."

நல்ல வாதம் என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

"தம்பியை ஒருக்கா எடுக்கப் பண்ணுமன்" என்றார். "உம்மடை கதைதானே. உமக்கு என்ன குறையப்போகுது?"

சோகத்தையும் சரியான முடிவையும் அந்த மேசையிலேயே கைவிட்டேன். சரி, எழுதுகிறேன் என்றேன். கஸ்பருடைய குரலை நான் கேட்டதில்லை, அதனால் உதவி கேட்டேன்.

"ஃபோன் எடுத்தால் முதல் என்ன கதைப்பார்?"

அந்த மே மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவர் பல் தெரியச் சிரித்ததைக் கண்டேன்.

"அவனுக்குச் சிகரெட் மணம் கண்ணிலையும் காட்டப்படாது. எப்ப எடுத்தாலும் ஒரே கேள்விதான்." தம்பியின் குரலைப் பிடிக்கப் பார்த்தார். "'அண்ணை, விட்டிட்டியோ?' எண்டு கேப்பான்."

"நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?"

அவர் வாயைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. அந்தக் கேள்வி அவருடைய காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

7

ஆகவே முடிவு அ-வைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

ஃபோன் அடித்தது. நீக்கிலாப்பிள்ளை எடுத்தார். இரைச்சல், காற்று, பிறகு ஒரு குரல்.

"அண்ணை, விட்டிட்டியோ?"

"ஓம்" என்று எழுதினேன். அதோடு சண்டை முடிந்துவிட்டது, லைனில் ஆளில்லை. எழுதிய கையாலேயே வெட்டினேன். "இல்லையடா" என்று எழுதினேன். இத்தனை மாதமும் காத்திருந்த பேர்ணடெற் அடுப்படியில் நின்று அதைக் கேட்டார். அதையும் வெட்டினேன். இந்தக் கதையில் எனக்கு எழுத வராத ஒரே வரி இதுதான்.

கஸ்பர் லைனில் நிற்கிறான். நீங்கள் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள்.