விபத்தில்லா நாட்கள்

பூபதிக்குக் கம்பெனியில் இன்னொரு பெயர் உண்டு: ஜீரோ பூபதி. வைத்தவர்கள் ஒன்றும் பாசத்தில் வைக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு தகரப் பலகை இருந்தது. தினமும் சாக்பீஸால் நாள் கணக்கு எழுத வேண்டும். ஆயிரம் நாள் ஆனால் எல்லாருக்கும் மட்டன் பிரியாணி என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாவது நாள் சிவராஜ் என்கிற ஆப்பரேட்டர் பிரஸ் மெஷினில் சுட்டுவிரல் நுனியைக் கொடுத்தான். "வீட்டில் காய் நறுக்கும்போது பட்டது என்று எழுதிக்கொள்ளலாமே" என்று மேலிருந்து கீழ்வரை எல்லாரும் கெஞ்சிப் பார்த்தார்கள். பாதுகாப்புக் குழுவில் இருந்த பூபதி பலகையைத் துடைத்தார், சைபர் போட்டார். பிரியாணி போயே போச்சு! ஒரு மாதம் கேண்டீனில் அவர் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. மனுஷன் அசைந்தால்தானே?

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் துரை வளர்ந்தான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குச் சேவல் வாங்கப் போனவர், மஞ்சப்பையில் நாய்க்குட்டியோடு திரும்பி வந்தார். மனைவி பொற்கொடி மசாலா அரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பைக்குள் எட்டிப் பார்த்து, "இதையா கொழம்பு வைக்கறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளேதான் கிண்ணத்தில் பால் ஊற்றினாள்.

பாகலூர் ரோட்டில் மாடி வீடு, வாடகை. கீழே வீட்டுக்கார நாராயணம்மா. குட்டி வந்த வாரத்திலேயே கூடம், அடுப்படி, கட்டிலடி என்று ஓர் இடம் பாக்கி வைக்காமல் நனைத்து வைத்தது. நாராயணம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்து தெலுங்கும் தமிழுமாகக் கத்தித் தீர்த்தாள்: "ஏமய்யா பூபதி! இன்னொரு வாட்டி இந்த நாத்தம் வந்துச்சுன்னா நாயும் வேணாம், நீங்களும் வேணாம். காலி பண்ணிடுங்க!"

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் லைட் எரிகிற புதுப் பலகை வந்தது. பழைய தகரப் பலகையை முறையாக கேட் பாஸ் வாங்கி பூபதி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாராயணம்மா படியேறினால் முதலில் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். நாள் ஒன்று. நாள் இரண்டு. துரைக்கு என்ன புரிந்ததோ, அன்றையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விட்டதில்லை. மழையோ, காய்ச்சலோ, தீபாவளி வெடியோ, கதவைப் பிறாண்டுவான், படியிறங்குவான், தெருமுனை விளக்குக் கம்பத்தில்தான் வேலை. இந்த மிடுக்குக்குத்தான் துரை என்ற பெயரே. ஆயிரமாவது நாள் நாராயணம்மாவே ரெண்டு முட்டை அவித்துக் கொண்டுவந்து அவனுக்கு ஊட்டினாள்.

இப்போது பலகையில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. துரைக்கு மூஞ்சியெல்லாம் நரை. பின்னங்கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பூபதி ஒரு கோணிப்பையைப் பிரித்து நாலு மூலையிலும் பிடி தைத்தார். காலையும் மாலையும் அவர் ஒரு பக்கம், பொற்கொடி ஒரு பக்கம் பிடித்து, துரையைக் கம்பத்துக்குத் தூக்கிப் போனார்கள். "துரை பல்லக்குல வராரு, வழி விடுங்கப்பா" என்று தெருவே சிரிக்கும். அவனும் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவான். கொழுப்பைப் பாருங்கள்!

விரல் போன சிவராஜ் இருக்கிறானே, அவன் இப்போது பூபதிக்கு உயிர் சிநேகிதன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பலகையைப் பார்ப்பான். "அண்ணா, அஞ்சாயிரம் ஆனா பிரியாணி போட்டே ஆவணும். அன்னிக்குக் கெடுத்தீங்களே, அதுக்கும் சேத்து."

"போடறன். ஆவட்டும்" என்றார் பூபதி.

ஆகுமா என்பதுதான் கேள்வி. கால்நடை டாக்டர் துரையைச் சோதித்துவிட்டு, கிட்னி ஓய்ந்துவிட்டது, இனி அடக்க முடியாது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பொற்கொடி கேட்டாள்:

"ஏங்க, பாவம், அவன் தெரியாம உள்ளேயே போயிட்டா?"

"சைபர் போட்டுத்தான் ஆவணும். சிவராஜுக்கு ஒரு நியாயம், துரைக்கு ஒரு நியாயமா?"

பொற்கொடி விறுக்கென்று அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனியில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட, முதல் ஷிஃப்டுக்குப் போனவர் பதினோரு மணிக்கே வீடு திரும்பினார். கதவு திறந்திருந்தது. பொற்கொடி முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பினாயில் பாட்டில். துரை மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். பூபதியின் காலடிச் சத்தம் கேட்டும் வால் ஆடவில்லை. பதினாலு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"சொம்புத் தண்ணி கைதவறிடுச்சுங்க" என்றாள் பொற்கொடி, தலை நிமிராமல்.

பூபதிக்கு மூக்கு இருக்கிறதே! அவர் நேராகப் பலகைக்குப் போனார். 4987 என்று இருந்தது. அதைத் துடைத்தார். சாக்பீஸைக் கையில் எடுத்தார். பின்னால் பொற்கொடியின் துணி நின்றுவிட்டது. துரை மெல்லக் கழுத்தைத் திருப்பி, பூ விழுந்த கண்ணால் அவரைப் பார்த்தான். திட்டு வாங்கத் தயாராகக் காதைத் தாழ்த்தியிருந்தான். அடப்பாவி, நீ என்னடா தப்பு செய்தாய் என்று பூபதிக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது.

"தண்ணிதானா?"

"தண்ணிதாங்க."

4988 என்று எழுதினார். அவர் ஆயுசில் எழுதிய முதல் பொய்க் கணக்கு. எட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வந்து பொற்கொடியின் கையிலிருந்து துணியைப் பிடுங்கினார்.

"நவுரு, நான் தொடைக்கறன். சுடுதண்ணில சோடா உப்பு போட்டுத் தொடைக்கணும். எத்தினி நாளா தண்ணி கொட்டுது?"

"ஒரு மாசமா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐயாயிரமாவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மொட்டை மாடியில் அண்டா வைத்து மட்டன் பிரியாணி. கம்பெனி ஆட்கள், தெரு ஆட்கள், நாராயணம்மா எல்லாரும் வந்தார்கள். துரை கழுத்தில் சாமந்தி மாலையோடு கோணியில் படுத்திருந்தான். எலும்பு எடுத்த கறி மூன்று துண்டு தின்றான். பூபதிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சிவராஜைத் தனியாக மாடிச்சுவர் ஓரம் கூட்டிப்போனார்.

"உன் வெரலுக்கு சைபர் போட்டன். இவனுக்குப் போடல. இந்த அஞ்சாயிரம் பொய்டா. என்னை மன்னிச்சுடு."

சிவராஜ் நுனி இல்லாத சுட்டுவிரலை நீட்டிக் காட்டினான். "அண்ணா, நீங்க சைபர் போட்டதாலதான் அந்த மெஷினுக்கு, கை உள்ள போவாம தடுக்கற கார்டு மாட்டுனாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் வெரலும் போவல. துரைக்கு சைபர் போட்டு எதுக்கு கார்டு மாட்டப் போறீங்க? போய்ச் சாப்பிடுங்க, ஆறிடும்."

பக்கத்தில் தட்டோடு நின்ற நாராயணம்மா, "நாப்பது நாளா மேல இருந்து பினாயில் வாசன வருது. நானு வாயத் தொறந்தேனா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பிரியாணி கேட்டாள். அதற்குப் பிறகு பூபதி ரெண்டு தட்டு சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை வழக்கம்போலப் பல்லக்கு இறங்கியது. துரை கம்பத்தில் சாய்ந்து நின்று, எப்போதும் போலத் தன் வேலையை முடித்தான். பிறகு நாராயணம்மா வீட்டு வாசல் வெயிலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. பூபதி தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நாராயணம்மா தன் ரோஜாச் செடிகளுக்கு நடுவில் அவனைப் புதைக்க இடம் காட்டினாள். சாயந்திரம் பூபதி மேலே வந்து பலகையில் 5003 என்று எழுதிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு பலகை முன்னால் நின்றார். எதை எழுதுவது என்று தெரியவில்லை. பின்னால் டங்கென்று ஒரு சத்தம். திரும்பினால், துரையின் கோணி கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கால் தானாக ஓடியது. ஒரு கையில் துணி, ஒரு கையில் பினாயிலோடு வந்து முட்டி போட்டவரின் தோளைப் பொற்கொடி தொட்டாள்.

"ஏங்க... சொம்பு கைதவறிடுச்சு. இது நெஜமாவே தண்ணிங்க."

ரெண்டு பேரும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறகு பூபதி எழுந்து பலகைக்குப் போனார். 5003-ஐத் துடைக்கவில்லை. அதற்கு முன்னால் 'துரை' என்று எழுதினார். கீழே இருந்த காலி இடத்தில் 'பொற்கொடி' என்று எழுதி, பெரிதாக ஒரு சைபர் போட்டார்.