முழங்காலுக்கு மேலே வெளிச்சம்

ஒரு ரோச் லைற் வாங்குவதற்கு மூன்று வாரம் யோசித்த மனிதன் இந்த ஸ்காபரோவில் சீமோன் ஒருவனாகத்தான் இருக்கும். வீடு வாங்கியவர்கள்கூட அவ்வளவு யோசித்ததில்லை.

தேவை என்னவோ உண்மையான தேவைதான். பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் அவனுக்குப் பராமரிப்பு வேலை. ஒரு நாளில் இருபது தடவையாவது யாருடைய சிங்கின் கீழாவது தலையை நுழைக்க வேண்டும், பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், ஹீற்றருக்குப் பின்னால் விழுந்த ஸ்குரூவைத் தேட வேண்டும். வேலையில் கொடுத்திருந்த ரோச்சோ உலக்கை மாதிரி. அதைப் பின் பொக்கற்றில் செருகிச் செருகி மூன்று களிசான்கள் கிழிந்துவிட்டன. மூன்றையும் தைத்தவள் அவன் மனைவி வேரோனிக்கா.

"இனி உதைத் தைக்க என்னால ஏலாதப்பா," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்றாவது களிசானைத் தூக்கி மேசையில் போட்டாள். "பேனை மாதிரிச் சின்னனா ஒண்டு வாங்குங்கோவன். சேட் பொக்கற்றுக்குள்ள கிடக்கும். நேற்றுத் திரைச்சீலைக்குக் கொழுக்கி வாங்கப் போனன், அந்தப் பிளாசாவில இருக்கிற ஹாட்வெயர் கடையில ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய வைச்சிருக்கினம். தமிழ் ஆள்தான் நிக்கிறார். மட்டக்களப்பாம். குஞ்சித்தம்பியாம் பேர். என்ன வடிவா விளங்கப்படுத்துறார்!"

சீமோனின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"தெரிஞ்ச ஆளோ?"

"ஓம். ஒரே அறையில இருந்தனாங்கள்."

"பிறகென்ன? போய் வாங்குங்கோ."

பிறகென்ன என்று கேட்பது அவளுக்குச் சுலபம். அவள் கனடா வந்தது எண்பத்து ஏழில். அதற்கு முந்திய காலம் அவளுக்குத் தெரியாது.

அது எண்பத்து நாலு, ஐந்து. எண்பத்து மூன்று கலவரம் தூக்கி எறிந்த ஆறு ஆண்கள் ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மென்ட் ஒன்றில் வந்து விழுந்திருந்தார்கள். வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேர், உள்ளே ஆறு பேர். ஆறு பேருக்கும் மூன்று வகை ஷிப்ட். ஒருவன் எழும்பி வேலைக்கு வெளிக்கிட, இன்னொருவன் வந்து அதே மெத்தையில் விழுவான். அந்த மெத்தைகள் சூடு ஆறியதாகச் சரித்திரமே இல்லை. பகலில் நித்திரை கொள்கிறவர்களுக்காக ஜன்னலில் தடித்த கம்பளி ஒன்றை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே கும்மிருட்டு. லைற்றைப் போட்டவன் கொலைக் குற்றவாளி.

ஆகவே ஒரு ரோச் இருந்தது. வெள்ளி நிறத்தில், மூன்று பற்றறி போடுகிற நீட்டு ரோச். கதவுக்குப் பின்னால் ஆணியில் நூல் கட்டித் தொங்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க அதன் கண்ணாடிக்கு மேல் பழைய சொக்ஸ் துண்டு ஒன்று. வேலையால் வருகிறவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, ரோச்சை எடுத்து, கால் கை மிதிக்காமல் தன் இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் போட்டவர் ஜெயரட்ணம் அண்ணை. ஆறு பேரில் மூத்தவர். ஊரில் கந்தோரில் பெரிய கிளாக்காக இருந்தவர், சட்டம் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. முதலாவது சட்டம், வெளிச்சம் முழங்காலுக்கு மேலே ஏறக் கூடாது. இரண்டாவதை அவர் விரலை ஆட்டிச் சொல்லுவார்: "ரோச்சில கண்டது ஒண்டையும் காணேல்லை. விளங்குதோ?"

நன்றாகவே விளங்கியது. ஒரு அறைக்குள் ஆறு ஆண்கள். ஒருவன் பெண்சாதியின் கடிதத்தை மோந்து பார்ப்பான், இன்னொருவன் நித்திரையில் தம்பியைக் கூப்பிடுவான், கஸ்பர் செபமாலையை நெஞ்சில் வைத்து வாய் பிளந்து கிடப்பான். ஆளுக்கு ஒரு சுவர் கட்டிக் கொடுக்க வசதியில்லாததால் ஜெயரட்ணம் அண்ணை ஒரு சட்டத்தைக் கட்டிக் கொடுத்தார். கண்டதைக் கேட்கக் கூடாது. ஒன்றரை வருஷம் ஒருவனும் கேட்கவில்லை.

இப்போது சொந்தக் கட்டில், சொந்தக் கதவுக்குச் சொந்தத் திறப்பு, எந்த நேரமும் போடக்கூடிய லைற் எல்லாம் இருந்தும், அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் சீமோனுக்கு நெஞ்சு இளகிவிடும். அப்படி ஒரு கும்மாளம் பிறகு அவன் வாழ்க்கையில் இல்லை. கும்மாளத்துக்குக் காரணம் குஞ்சித்தம்பிதான். ஒருமுறை அவன் செத்தல் மிளகாய் பொரித்ததில் நெருப்பு அலாரம் அடித்து, கட்டடம் முழுவதும் மாசி மாதப் பனியில் இறங்கி நின்றது. ஆறு பேரும் இடுப்பில் சாரத்தோடு. நெருப்பணைக்க வந்த வெள்ளைக்காரருக்கு அவன் அதே மிளகாயில் ஒன்றை நீட்டி, ஒருவரைக் கடிக்கவும் வைத்துவிட்டான். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிப் பனியை அள்ளித் தின்றார். எல்லோரும் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள்.

அப்படிப்பட்டவனைத்தான் சீமோன் அன்றைக்குக் கண்டான்.

எண்பத்து ஐந்து, ஒக்ரோபர், பின்னேரம் மூன்று மணி. சீமோன் காலை ஷிப்ட் முடிந்து வந்து கதவைச் சாத்தி ரோச்சை எடுத்தான். எங்கோ ஒரு விக்கல் மாதிரிச் சத்தம். வெளிச்சம் அவனைக் கேட்காமலே மேலே ஏறியது. சுவரோடு சாய்ந்து குஞ்சித்தம்பி இருந்தான். மடியில் நீலக் கடிதம். தலையணையின் மூலையை வாய்க்குள் அடைத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். முகம் முழுக்கத் தண்ணீர். இரண்டு பேருடைய கண்ணும் சந்தித்தன.

சீமோன் வெளிச்சத்தை இறக்கினான். ரோச்சை அணைத்தான். தட்டித் தடவித் தன் மெத்தைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

பத்து நாளில் குஞ்சித்தம்பி அறையை விட்டுப் போய்விட்டான். வேறு நகரத்தில் வேலையாம். எல்லோருக்கும் கை கொடுத்தான், சீமோனுக்கும் கொடுத்தான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பளி அவனுடையது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனான். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன், ஒரு ஆம்பிளையின் மானத்தை வெளிச்சம் போட்டு எடுத்துவிட்டேன் என்று சீமோன் தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டான். இனி ஒருமுறை கண்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த மன்னிப்புத்தான் மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. கடை இருக்கும் இடம் தெரிந்த பிறகும் மூன்று வாரம் அது வெளியே வர மாட்டேன் என்றது.

நாலாவது சனிக்கிழமை அவன் போனான்.

கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் குஞ்சித்தம்பி சிவப்பு ஏப்ரனோடு நின்றான். முன்தலையில் முடி பின்வாங்கியிருந்தது. நெஞ்சில் குத்தியிருந்த பட்டையில் கென் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வெள்ளைக்காரருக்காகக் குஞ்சித்தம்பியை அவ்வளவு தூரம் சுருக்கியிருந்தார்கள். சீமோனைக் கண்டதும் அவன் கை ஒரு கணம் நின்றது.

"ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ, சேர்?"

அந்த சேர் சீமோனுக்கு நன்றாகவே வலித்தது. யோசித்து வைத்த வசனம் எல்லாம் பறந்துபோக, "ஒரு சின்ன ரோச் வேணும்," என்றான். "ஒவ்வொரு நாளும் பொக்கற்றில கொண்டு திரிய."

குஞ்சித்தம்பி அலுமாரியைத் திறந்து மூன்றை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தான். பிறகு தமிழில், ஆனால் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்லுவது போல, சொல்லத் தொடங்கினான்.

"இது பேனை மாதிரி. கிளிப் இரிக்கு, பொக்கற்றில கொழுவலாம். ஆனா பட்டனை அமத்திக்கொண்டே இரிக்கணும். ஒரு கை அதுக்கே போயிரும். இது பிளாஸ்ரிக். பாரமில்ல, விலையுமில்ல. ஒருக்காக் கீழ விழுந்தாச் சரி, கதை முடிஞ்சிது." மூன்றாவதை அவன் கொஞ்சம் மெதுவாக எடுத்தான். கறுப்பு அலுமினியம், விரல் நீளம். "இது ரெண்டு சின்னப் பற்றறி. சுவிச் இல்ல, தலையைத் திருப்பினாப் பத்தும். இன்னும் திருப்பினா வெளிச்சம் விரியும். வால் மூடிக்குள்ள மாத்துப் பல்ப் ஒண்டு ஒளிச்சு வெச்சிரிக்கான். பல்லால கவ்விப் பிடிச்சா ரெண்டு கையும் வேலைக்கு வரும்."

தலையைத் திருப்பிக் காட்டினான். மேலே வரிசையாக ரியூப் லைற்றுகள். ரோச் எரிகிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"இந்த வெளிச்சத்தில வெச்சு ஒருத்தனும் ரோச் வாங்க ஏலா," என்றான் குஞ்சித்தம்பி. அலுமாரியைப் பூட்டினான். "பின்னால வா."

வா என்றான். சேர் போய்விட்டது. சீமோன் மூன்று ரோச்சையும் அள்ளிக்கொண்டு பின்னால் போனான்.

கடையின் பின்பக்கம் பெயின்ற் வாளிகள் அடுக்கிய சிறிய அறை. குஞ்சித்தம்பி கதவைச் சாத்திச் சுவிச்சைத் தட்டினான். கும்மிருட்டு. இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அந்த இருட்டு சீமோனுக்குப் புதிதில்லை. சொக்ஸ் மணமும் பொரித்த மிளகாய் மணமும் மட்டும்தான் குறைவு.

"அடிச்சுப் பார்."

பேனையை அமத்தினான். நிலத்தில் மஞ்சளாய் ஒரு வட்டம், நடுவில் கறுப்புப் பொட்டு. பிளாஸ்ரிக்கைத் தட்டினான். பழந்துணி மாதிரி ஒரு வெளிச்சம் வாளிகளின் அடியில் படர்ந்தது. அலுமினியத்தைத் திருப்பினான். இரண்டு பேருடைய சப்பாத்துக்கும் நடுவில் வெள்ளையாய், வெட்டி வைத்தது போல ஒரு வட்டம் விழுந்தது. நல்ல ரோச். எதை வாங்குவது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

"மூண்டையும் நிலத்துக்குத்தான் அடிச்சாய்," என்றது இருட்டு.

"பழக்கம் மச்சான்." தொண்டையில் கிடந்தது அசைந்தது. "குஞ்சித்தம்பி, அண்டைக்கு நான் வெளிச்சத்தை உயர்த்தினது பிழை. மன்னிச்சுக்கொள். வேணுமெண்டு செய்யேல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை. அந்தோனியார் மேல ஆணை."

குஞ்சித்தம்பி சிரித்தான். பழைய சிரிப்பு இல்லை.

"உயர்த்தினதுக்கா மன்னிப்புக் கேக்காய்? நீ உயர்த்தின நேரம் எனக்கு எப்பிடி இருந்த எண்டு தெரியுமா? அப்பாடா, ஒருத்தன் கண்டிட்டான், இப்ப வந்து கேப்பான் எண்டு நினைச்சன். நீ ரோச்சை நூத்துப்போட்டுப் போய்ப் படுத்திட்டாய்."

"ஜெயரட்ணம் அண்ணையின்ர சட்டம்..."

"சட்டம்!" வாளி ஒன்றில் அவன் கால் பட்டுச் சத்தம் கேட்டது. "பத்து நாள் பாத்துக்கொண்டிருந்தன். கோப்பை கழுவக்குள்ள கேப்பாய், பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள கேப்பாய் எண்டு. நீ கேக்கல்ல. பிறகு ஏன் நான் அங்க இரிக்கணும்?"

மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த குற்றம் குற்றமே இல்லை. நல்ல பிள்ளையாய்ச் சட்டத்துக்குப் பணிந்து செய்த காரியம்தான் குற்றம். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிலத்தில் கிடந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தினான். வெளிச்சம் முழங்காலைத் தாண்டியது, சிவப்பு ஏப்ரனைத் தாண்டியது, கென்னைத் தாண்டியது. முகத்தில் போய் நின்றது. குஞ்சித்தம்பி கண்ணைச் சுருக்கினான், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"யாற்ற கடிதம் மச்சான் அது?"



"அக்கா எழுதின. அம்மா போய் நாப்பது நாளைக்குப் பிறகுதான் கடிதம் என்ட கையில கிடைச்ச. முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிஞ்சு போச்சி. நான் அந்த நாப்பது நாளும் இறைச்சி திண்டன், பகிடி விட்டன், மிளகாய் பொரிச்சன்." அவன் மூச்சை இழுத்தான். "அழுறதுக்கு நேரம் தேடினன் மச்சான். விடியக் கஸ்பர் நித்திரை. மத்தியானம் அண்ணை நித்திரை. பின்னேரம் மத்த ரெண்டு பேரும். எந்நேரமும் ஆரும் ஒருத்தன் படுத்திருப்பான். சத்தம் போட ஏலா. பிறகு அது அப்பிடியே உள்ளுக்க கிடந்திட்டு."

"அம்மாவின்ர பேர் என்ன?"

ஒன்றரை வருஷம் ஒரு மெத்தையை மாறி மாறிப் படுத்து எழும்பியவர்கள். இது தனக்குத் தெரியாது என்பது கேட்கும்போதுதான் சீமோனுக்கே தெரிந்தது.

"தங்கேஸ்வரி," என்றான் குஞ்சித்தம்பி.

பெயர் வாயை விட்டு வந்ததோடு அவன் முகம் உடைந்தது. உடனே கை தன்பாட்டில் ஏப்ரனின் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்தது. தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை. அதே விக்கல் மட்டும்.

வெளியே யாரோ கவுண்டர் மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். சீமோன் ரோச்சைப் பல்லால் கவ்விக்கொண்டான். உண்மைதான், இரண்டு கையும் வேலைக்கு வந்தன. நண்பனின் வாயிலிருந்து அந்தத் துணியை மெல்ல இழுத்து எடுத்தான். பிறகு ரோச்சைக் கைக்கு மாற்றி, மேலேயே பிடித்துக்கொண்டு சொன்னான்:

"சத்தம் போட்டு அழு மச்சான். இஞ்ச ஒருத்தரும் நித்திரையில்லை."