கடலில் குப்பை

...இல்லை, இருக்காது, தன் காதில்தான் ஏதோ கோளாறு, ஐந்து வயதுக் குழந்தையின் வாயில் அப்படியொரு வாக்கியம் வர வழியே இல்லை, அதுவும் ஹாங்காங்கின் கவுலூன் டாங்கில், பன்னிரண்டாம் மாடியில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது... அப்படி என்ன கேட்டுவிட்டோம்? எப்போதும் கேட்கிற கேள்விதானே? உனக்கு எப்போது வருத்தமாக இருக்கும், செரிஷ்? அதற்குப் பதில், கடலில் குப்பையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரிய பள்ளிக்கூடங்களில் சேர்க்கைக்கு நடத்துகிற நேர்முகத் தேர்வில் இதுதான் எடுபடுகிறது என்று இந்தப் பயிற்சி நிலையத்தின் மேலாளர் வின்சி எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்ததிலிருந்து இங்கே படிக்கிற அத்தனை குழந்தைகளுக்கும் கடல் குப்பைதான் வருத்தம், ஒரு பிள்ளைக்காவது பொம்மை உடைந்தோ பல் வலித்தோ வருத்தம் வந்ததில்லை. செரிஷைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடல் குப்பை என்பாள். இன்றைக்கு அந்தப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு, "இனிமே என்னால ஒரு நாள்கூட தாக்குப்பிடிக்க முடியாதும்மா" என்றாள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஜில்லியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல் மட்டுமா, அந்தப் பெருமூச்சு, அந்த இழுவை, 'அம்மா'வை மூக்கால் பிடித்து விடுகிற அந்த வட இங்கிலாந்துச் சண்டர்லாந்து வாடை, எல்லாமே அச்சு அசல் ஜில்லியனுடையது.

அடக்கடவுளே, அந்தத் தொலைபேசிப் பேச்சு. போன வாரம், இதே அறையில், வகுப்பு தொடங்குமுன். ஊரிலிருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள், அழத்தான் செய்தாள், யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு... யாருமில்லையா? செரிஷ் சீக்கிரமே வந்து மேசைக்கடியில் களிமண்ணில் நாய் பண்ணிக்கொண்டிருந்தாளே. குழந்தைதானே, அதற்கு என்ன புரியப்போகிறது என்ற அலட்சியம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? வகுப்பில் ஜில்லியன் பேசுவது வேறு ஆங்கிலம், இஸ்திரி போட்ட ஆங்கிலம், கப்பல் பட்டறை ஊரில் பிறந்த வாடையே தெரியாத ஆங்கிலம். ஊர்ப் பேச்சு அம்மாவிடம் மட்டும்தான் வரும், அதுவும் அழுகை வந்தால்தான். ஆனால் மிஸ் ஜில் எதைச் சொன்னாலும் பின்னாலேயே சொல்லிப் பார் என்று பழக்கியது யார்? நீயேதானடி. உன்னைப் போலவே திருப்பிச் சொல்லச் சொல்லி இரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறாய், அது திருப்பிச் சொல்லிவிட்டது, இப்போது குத்துகிறதா?

கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் வின்சி நின்றுகொண்டிருந்தாள். கைகட்டி நிற்கிறாள், சிரிக்கிறாளா முறைக்கிறாளா தெரியவில்லை, வின்சிக்கு இரண்டும் ஒரே முகம். வேலை போனால் இந்த ஊரில் இருக்கும் அனுமதியும் போகும், அனுமதி போனால் படுக்கையை மடித்தால்தான் கதவு திறக்கிற அந்த அறையும் போகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஹாங்காங்கில் ராணி மாதிரி இருக்கிறாள் எங்கள் ஜில் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிற தெரு முழுக்கத் தலைகுனிந்து நடக்க வேண்டும். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம். செரிஷின் அம்மா மிஸஸ் குவோக்குக்கு அது புரிந்துவிட்டால் முடிந்தது. வங்கியில் பெரிய உத்தியோகம், நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் கடிதம் போடுகிறாள், புரியாமலா போகும்? ஜில்லியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மிஸஸ் குவோக் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க முன்னால் சாய்ந்தாள். "மிஸ் ஜில், இப்ப இவ என்னமோ சொன்னாளே, அது என்ன? எனக்குப் பிடிபடலியே. நீங்க சொல்லிக் குடுத்ததா?" கோபம் இல்லை அந்த முகத்தில், ஆசைதான் இருந்தது, பணத்தைக் கொட்டி வாங்கின விதையில் முளை கண்ட ஆசை. பிடிபடவில்லையாம்! அசல் ஆங்கிலக்காரியின் உச்சரிப்பு வேண்டும், அசல், அசல் என்று தேடித்தேடி இங்கே கொண்டுவந்து சேர்த்தவளுக்கு, அசல் வந்து எதிரே உட்கார்ந்தபோது அடையாளம் தெரியவில்லை. ஜில்லியனுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது, இரண்டும் சேர்ந்தே. வாய் தானாகப் பேசிற்று. "அது எங்க ஊர்ப் பேச்சுங்க. அம்மாவ விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாதுன்னு அர்த்தம்." எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், பழகின கைக்கு மாவு பிசைகிற மாதிரி. தூங்கி வழிகிற பிள்ளைகளுக்கு, எனக்குப் புத்தகம் படிக்கப் பிடிக்கும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்த வாய்தானே.

"அடி என் தங்கமே!" மிஸஸ் குவோக்கின் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே கலங்கிவிட்டது, பாவி, இதுவும் நடிப்பாக இருந்திருக்கக் கூடாதா. "வீட்டுல என்கிட்ட வாயே திறக்க மாட்டா, மிஸ். ராத்திரி நான் வர்றதுக்குள்ள தூங்கிடறா. மனசுக்குள்ள இவ்ளோ வச்சிருக்காளா? இத அப்படியே தேர்வுல சொல்லட்டும், குப்பையெல்லாம் எல்லா புள்ளைங்களும்தான் சொல்லுது." கதவைத் தள்ளிக்கொண்டு வின்சி உள்ளே வந்துவிட்டாள். வாசம் பிடித்து வருவாளே, பாராட்டு என்றால். "நான் அப்பவே சொல்லல மேடம்? மிஸ் ஜில் எடுத்தா ஒட்டிக்கும்னு? உச்சரிப்பு பாத்தீங்களா, கண்ண மூடினா வெள்ளைக்காரக் குழந்தைதான்." "ஒட்டுதே, நல்லாவே ஒட்டுது" என்றாள் மிஸஸ் குவோக், கைக்குட்டையால் மை கலையாமல் கண்ணை ஒற்றிக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் இவளுக்குச் சும்மா கிடக்கு. அன்னிக்கும் இங்கயே சேத்துடுங்க. மிஸ் ஜில்கிட்டயே."

ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள்கூட முடியாது என்றதற்கு ஒரு நாள் கூட்டிக் கொடுத்தாகிவிட்டது... ஜில்லியன் அப்போதுதான் குழந்தையைப் பார்த்தாள், அதுவரைக்கும் பார்க்கவே இல்லை, தன் வேலையைப் பார்த்தாள், தன் அறையைப் பார்த்தாள், வின்சியைப் பார்த்தாள். செரிஷ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வியாழன் பியானோ, வெள்ளி மாண்டரின், சனி கணக்கும் நீச்சலும், மீதி நாளெல்லாம் இங்கே. ஏன் இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்கு அதைச் சொன்னாள்? எத்தனையோ வாக்கியம் தெரியுமே அவளுக்கு, கேள்விக்கு ஒன்று என்று அடுக்கி வைத்திருக்கிறதே. கிளிப்பிள்ளைக்குக் கேள்வியும் பதிலும் பொருந்தியா வரும்? வருத்தம் எப்போது வரும் என்று கேட்டாள், வந்திருக்கிறது என்றாள் குழந்தை. இன்னொன்றும் இருக்கிறது, ஐயோ, அது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று... பதில் சொல்லும்போது தேர்வாளரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறாள், செரிஷ் ஒருபோதும் தவறியதில்லை, இன்றைக்குத் தவறினாள். தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறது குழந்தை, மேசைக்கடியில் அந்த வார்த்தை கிடைத்திருக்கிறது, ஒரு வாரம் வைத்திருந்து, அம்மா வந்து உட்கார்ந்த நாளில் எடுத்துக் கொடுத்திருக்கிறது. நடுவில் கையை நீட்டி அதைப் பிடுங்கிக்கொண்டது யார்? பெரிய மொழிபெயர்ப்பாளர்!

சொல்லிவிடலாமா? மிஸஸ் குவோக், நான் சொன்னது பொய், உங்கள் பெண் சொன்னதற்கு அர்த்தம் அது இல்லை... இரண்டே வாக்கியம். ஆனால் அவளும் வின்சியும் வாசற்பக்கம் போய்விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையில் எந்த நேரம் தோது என்று கான்டனீஸில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த வேகத்தில் இவளுக்குப் பாதிதான் புரியும். ஜில்லியன் தரையில் மண்டியிட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக் காலணியை மாட்டினாள். கால் சில்லென்றிருந்தது, குளிரூட்டியை இங்கே யாரும் குறைப்பதில்லை. என்னவாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது, மன்னிச்சுக்கோ என்றா, உன் பேச்சு எனக்குப் புரிஞ்சுது என்றா? புரிந்ததென்றால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால்?

செரிஷ் அதைக் கேட்கவில்லை. அம்மா பேசி முடிக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, ஜில்லியனின் காதோடு வாயை வைத்துக் கேட்டாள். "மிஸ் ஜில், நீங்க சொன்னப்ப உங்கம்மா என்ன சொன்னாங்க?"

என்ன சொன்னாள் அம்மா? அழுகையில் அன்றைக்குக் காதில் சரியாகக்கூட ஏறவில்லை, அவ்வளவு லேசில் சொல்லிவிட்டாளே என்று எரிச்சல்கூட வந்தது, எரிந்து விழுந்து பேச்சைத் துண்டித்தாள். 'அப்ப வந்துடு கண்ணு, வேறென்ன' என்றாள் அம்மா, அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. பன்னிரண்டாம் மாடிக்கு மின்தூக்கி வந்து நின்றது, மிஸஸ் குவோக் கையை நீட்டி, வா வா என்று கூப்பிட்டாள். குழந்தை நகராமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துடுன்னு சொன்னாங்க என்று சொன்னால், செரிஷ் எங்கே போவாள்?