சொந்தத் தரையில் இரண்டு பேர்

'கோச் ஹோபர்ட் கிரீல் நிறம் பார்க்காத மனிதர்.' டெல்ஃபின் கேஸ்கின்ஸ் மைக்கில் வாசிக்க வேண்டிய தாளில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

செத்துப்போன கோச்சின் பெயரைக் கல்லூரியின் கூடைப்பந்துக் களத்துக்குச் சூட்டுகிறார்கள். அவருடைய பழைய அணி மொத்தமும் வந்திருந்தது. அந்த அணியில் ஆடிய அவள் அப்பா பட்டம் வாங்காமலே போனார்; தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி டெல்ஃபின்தான். இதே கல்லூரியில் படித்து, இதன் விளையாட்டு அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். தன்னை வாசிக்கச் சொன்னது குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும். கறுப்புப் பெண், அதிலும் ஓர்லான் கேஸ்கின்ஸின் மகள். வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் இந்த வரி இவ்வளவு வெள்ளையாக வெளுக்காது.

முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். அப்பாதான் கெஞ்சினார்.

"படிச்சுட்டுப் போயேம்மா. எனக்கு ஒரே ஒரு போட்டோ வேணும். நானும் வென்டெலும் இந்தத் தரையில சேர்ந்து நிக்கணும். அப்புறம் அந்தாளு பேரை எங்க வேணா எழுதிக்கட்டும்."

அந்த அணியில் இருந்த கறுப்பர்கள் அவர்கள் இருவர்தான். ஒரே அறை, ஒரே சோப்பு. வெளியூர் ஆட்டங்களில் கோச் இருவரையும் சேர்த்தே இறக்குவார். சொந்த ஊரில் மட்டும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். டிக்கெட் வாங்கி வரும் வெள்ளைக்காரர்களின் கண்ணுக்கு அதுதான் அளவாம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோச் வென்டெலின் முழங்காலைத் தட்டுவார். வென்டெல் எழுந்தால், களத்தில் இருக்கும் ஓர்லான் யாரையும் பார்க்காமல் வெளியே நடப்பார். ஓர்லான் எழுந்தால் வென்டெல் நடப்பார். கல்லூரிக் காலம் முழுக்க இந்தத் தரையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பந்து போனதே இல்லை.

டெல்ஃபின் பெயர்களை அழைக்கத் தொடங்கினாள். அப்பா முதலில் வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து நடுவட்டத்தில் நின்றார். கைதட்டல்.

"வென்டெல் ப்யூரிஃபாய்!"

பெஞ்சிலிருந்து வென்டெல் எழுந்தார். அவ்வளவுதான். அப்பா திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு, கோட்டைத் தாண்டி வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. கிழவருக்கு மறதி என்று நினைத்துச் செல்லமாகச் சிரித்தது.

"அப்பா!" என்றாள் மைக்கிலேயே. "உள்ள வாங்க!"

அவர் விழித்துக்கொண்டவர்போல எழுந்து உள்ளே வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் நடுவட்டத்தில் நின்ற வென்டெல் வெளியே நடக்க ஆரம்பித்தார்.

கோட்டருகே இருவரும் மோதிக்கொண்டார்கள்.

"நீ எங்கடா போற?"

"நீ வந்தியேடா!"

"அந்தாளு செத்துட்டான்டா, மடையா."

"தெரியும்டா. என் காலுக்கு யாரு சொல்றது?"

ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் அப்படியே கோட்டில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அலுவலகத் தலைவர் கிம்ப்ரோ அவள் காதோரம் குனிந்தார். "நேரமாகுதும்மா. அவங்க அப்படியே நிக்கட்டும், நீ படி."

"எதை? நிறம் பார்க்காதவருன்னா?"

மைக் இன்னும் அணையவில்லை. அது கூரை வரை கேட்டது. கோச்சின் விதவை நிமிர்ந்து பார்த்தாள். திங்கட்கிழமை இந்த வேலை இருக்காது. இருந்தாலும் இவளை இருக்கவிட மாட்டார்கள்.

"இந்த ஊர்ல இவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க விடாதவரு அவரு," என்றாள். "அதையும் எழுதிட்டு வாங்க, படிக்கிறேன்."

தாளை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. அப்பாவின் முழங்கையை ஒரு கையிலும் வென்டெலின் முழங்கையை மறு கையிலும் பிடித்து நடுவட்டத்துக்கு இழுத்து வந்தாள். இரண்டு பேரும் கனத்தார்கள்.

போட்டோக்காரர் தயங்கினார். "நீங்க கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா…"

அவள் கையை எடுக்கப் போனாள்.

"விட்டுடாதம்மா," என்றார் அப்பா, கேமராவைப் பார்த்தபடியே. "இவன் அசைஞ்சா என் கால் தானா வெளிய போயிடும்."