செப்டம்பரில் போட்ட மார்க்

காலை எட்டரை மணிக்கு ஜீல் திபோ காபி வாங்கிவந்து நீட்டியபோதே டார்சி மெலன்சுக்கின் மனசு உறுத்தியது. திபோ இந்த ஐஸ் ஹாக்கி அணிக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அவன் கை சட்டைப்பைக்குள் போய் டார்சி பார்த்ததில்லை.

"என்னடா விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல பெருசு. கடைக்குப் போனேன், உன் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு சர்க்கரை, நீ குடிக்கிற மாதிரியே." திபோ பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். "தலை எப்படி இருக்கு?"

அப்படி வா வழிக்கு என்று டார்சி நினைத்துக்கொண்டான். காபிக்குப் பின்னால் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"தலைக்கு என்னடா? கழுத்துதான் சுளுக்கு. எழுதி ஒட்டணுமா?"

"சரி சரி, கடிக்காத."

முப்பத்து மூன்று வயதில் ஒருவனைப் பெருசு என்று கூப்பிடும் தொழில் இது. திபோவுக்கு இருபத்து நாலு. இருவரும் ஜோடி, தடுப்பு வரிசையில் இடது பக்கம் டார்சி, வலது பக்கம் திபோ. நேற்று வரை டார்சிக்கு அவன்மேல் எந்த வருத்தமும் கிடையாது. நேற்று மாலை வந்த போன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

போன் செய்தவர் கோச் லாயிட். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள இந்த அணி, கிழக்கே உள்ள ஒரு பெரிய அணிக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் சின்ன அணி. அனுப்பப்படுவதை இங்கே 'மேலே போவது' என்பார்கள். பதினோரு வருஷமாக டார்சி பஸ்ஸில் சமவெளி முழுக்க அலைந்து ஆடியிருக்கிறான். இரண்டு முறை மூக்கு உடைந்தது, ஒரு முறை தாடை, பற்களுக்குக் கணக்கில்லை. மேலே மட்டும் ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இப்போது பெரிய அணியில் ஒரு தடுப்பாட்டக்காரனுக்குப் பாதம் முறிந்துவிட்டது, இன்னொருவனுக்கு அம்மைக்கட்டு. அவர்களுக்கு உடனே ஒரு ஆள் வேண்டும்.

"டாக்டர் சரின்னு சொன்னா நீ. இல்லேன்னா திபோ. நாளைக்கு மூணு மணிக்கு ஃப்ளைட்டு," என்றார் லாயிட்.

ஆக, டார்சியின் தலை நன்றாக இருக்கக் கூடாது என்று நினைக்க உலகத்தில் ஒருவனுக்குக் காரணம் இருக்கிறது. அவன்தான் காலையில் காபி வாங்கி வந்தான். டார்சி அந்தக் காபியை வாயில் வைக்கவே இல்லை.

சனிக்கிழமை நடந்தது இதுதான். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதில், இரண்டு கண்ணாடித் தடுப்புகள் சேரும் கம்பத்தில் அவனை முட்டித் தள்ளினார்கள். அவன் தானாகவே எழுந்தான். எழுந்து நேராகச் சறுக்கிக்கொண்டு போய் எதிரணியின் பெஞ்சுக் கதவைத் திறந்தான். அரங்கமே சிரித்தது. "நம்ம கோச் திட்டுற திட்டுக்கு அங்க வேலை கேட்கலாம்னு போனேன்," என்று டார்சி சமாளித்தான். எல்லோரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் வெண்டல் ஃப்ரீசன்.

ஃப்ரீசன் அணியில் காயங்களைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பத்தெட்டு வயது. பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். சனிக்கிழமையிலிருந்து அவர் டார்சியைப் பார்க்கும் பார்வை, கடையில் பொருள் எடுத்து ஒளிப்பவனைக் கடைக்காரர் பார்ப்பது போல இருந்தது. இரண்டு ஆட்டங்களில் உட்கார வைத்துவிட்டார். நேற்று திடீரென்று, "வீட்ல விளக்கு வெளிச்சம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். வீட்டில் டார்சி கண் கூசி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவியது இவருக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்தது ஒரே ஒரு ஜீவன்தான், மனைவி ஜோலீன்.

நேற்று சாப்பாட்டு மேசையில், பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டில் தள்ளிவிட்டுக்கொண்டே அவளிடம் கேட்டான்.

"வெண்டலுக்குப் போன் பண்ணினியா?"

"ஏன், பண்ணியிருந்தா என்ன?"

"பண்ணினியா, இல்லையா?"

"பண்ணல. பண்ணணும்னு ரெண்டு தடவை எடுத்தேன், வெச்சுட்டேன்." ஜோலீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு டார்சி. உன்னைக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவே. தாடை உடைஞ்சு ரத்தம் ஒழுகறப்பவும் அதையேதான் சொன்னே. நாளைக்கு அந்தப் பரீட்சையில பாஸ் ஆனா நான் வாயே திறக்க மாட்டேன். பெட்டியக்கூட நானே கட்டறேன். எனக்கு அந்தப் பரீட்சை மேல நம்பிக்கை இருக்கு. உன் மேலதான் இல்ல."

டார்சி பெரோகியை வாயில் போட்டு மென்றான். அந்தப் பரீட்சையைப் பற்றி அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது.

தலையில் அடிபட்டவன் மறுபடி ஆடலாமா என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு. சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், எண்களைப் பின்னாலிருந்து ஒப்பிக்கச் சொல்வார்கள், பொத்தானை வேகமாக அழுத்தச் சொல்வார்கள். ஆனால் எவ்வளவு வாங்கினால் நல்ல மார்க் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொரு செப்டம்பரிலும், அடிபடுவதற்கு முன்பே, எல்லோருக்கும் ஒருமுறை அதே பரீட்சையை வைத்து மார்க்கை எழுதி வைத்துக்கொள்வார்கள். பிறகு அடிபட்டால் அந்த மார்க்கோடு ஒப்பிடுவார்கள்.

ஆட்டக்காரர்கள் மடையர்களா என்ன? செப்டம்பரில் வேண்டுமென்றே கோட்டை விடுவார்கள். பதினைந்து சொல் நினைவிருந்தாலும் ஏழுதான் சொல்வார்கள். பொத்தானைத் தூங்கி வழிந்துகொண்டு அழுத்துவார்கள். அப்போதுதான் ஜனவரியில் தலை கிறுகிறுத்தாலும் மார்க் ஒத்துப்போகும். சேர்ந்த முதல் வருஷம் ஒழுங்காக எழுதி எண்பத்தெட்டு வாங்கிய டார்சியை, உடைமாற்றும் அறையில் வாரக்கணக்கில் 'புரொபசர்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். இந்த செப்டம்பரில் அவன் எடுத்தது ஐம்பத்தெட்டு. மனசு வைத்து, கவனமாகப் பாடுபட்டு எடுத்த ஐம்பத்தெட்டு.

ஆகவே தேறுவதைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. தலையில் இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைத்தது போல இருந்தாலும் எழுபதாவது வந்துவிடும். பயமெல்லாம் கூடுதலாக வந்துவிடுமோ என்றுதான். எழுபத்தைந்து, எண்பது என்று வந்தால், அடிபட்ட பிறகு எப்படியப்பா அறிவு வளர்ந்தது என்று ஃப்ரீசன் பிடித்துக்கொள்வார். பழைய மார்க் பொய் என்று ஆகிவிடும். திபோ விமானம் ஏறிவிடுவான். அறுபது, அறுபத்திரண்டில் நிறுத்த வேண்டும் என்று டார்சி தீர்மானித்தான்.

பத்து மணிக்கு டாக்டர் ப்ரால் வந்தார். அவருடைய அறை வாசலில் ஃப்ரீசன் நின்றுகொண்டிருந்தார்.

"டார்சி, உன் பழைய தாளெல்லாம் எடுத்துப் பாத்தேன்."

"பொழுது போகலையா வெண்டல்?"

"முதல் வருஷம் எண்பத்தெட்டு. இந்த வருஷம் ஐம்பத்தெட்டு."

"வயசாகுது. பையனுங்க என்னைப் பெருசுன்னுதானே கூப்பிடறானுங்க."

"செப்டம்பர்ல நீ விளையாடிட்டேன்னு நெனைக்கிறேன்."

"விளையாடறதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க?"

ஃப்ரீசன் சிரிக்கவில்லை. "நானும் உள்ள உக்காரப் போறேன். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன்," என்றார்.

இந்த மனுஷன் திபோவோடு எத்தனை நாளாகப் பேசி வைத்திருக்கிறாரோ என்று டார்சி நினைத்தான். முந்தாநாள் இருவரும் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசியது நினைவுக்கு வந்தது. அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்களே.

டாக்டர் ப்ரால் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொற்களை நிதானமாக வாசித்தார். வாளி, கழுகு, மெழுகு, பொத்தான், திரைச்சீலை, கடுகு, நங்கூரம்... அவர் வாசிக்கும்போதே டார்சி எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தான். கழுகை விடலாம். பொத்தானை விடலாம். நங்கூரம் யாருக்கும் நினைவிருக்காது, அதையும் விடலாம்.

"இப்ப ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க."

"வாளி," என்றான். "மெழுகு. திரைச்சீலை."

அடுத்தது? அடுத்தது வரிசையில் நின்றிருக்க வேண்டும். கை நீட்டினால் அங்கே எதுவும் இல்லை. டார்சி காத்திருந்தான். சுவர்க் கடிகாரம் சத்தமாக ஓடியது. விட்டுவிடலாம் என்று குறித்து வைத்திருந்தவை மட்டும்தான் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றையே எடுத்துக் கொடுத்தான்.

"கழுகு. பொத்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "நங்கூரம்," என்றான்.

"வேற?"

"இருங்க டாக்டர், வரும்."

வரவில்லை. எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். நான்கு எண்கள் சரியாக வந்தன. ஐந்தாகியதும் நடுவில் ஒரு எண் வழுக்கி விழுந்தது. பொத்தானை அழுத்தும் கட்டத்தில் டார்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அறுபத்திரண்டில் நிறுத்துவதெல்லாம் எங்கோ போய்விட்டது. இருப்பதை எல்லாம் வழித்துப் போட்டான். மூலையில் ஃப்ரீசன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுகூட அவனுக்கு மறந்துபோயிற்று.

டாக்டர் கூட்டிப் போட்டார். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஐம்பத்தேழு. செப்டம்பர்ல ஐம்பத்தெட்டு. ஒரு மார்க் வித்தியாசமெல்லாம் ஒண்ணுமே இல்ல." அவர் சிரித்தார். "தலைவலி இருக்கா?"

"இல்ல," என்று டார்சியின் வாய் தானாகச் சொன்னது.

கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஃப்ரீசன் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"என்னை மன்னிச்சுடு டார்சி. உன்னைப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன்."

"எதுக்கு?"

"நீ செப்டம்பர்ல வேணும்னே குறைச்சேன்னு அடிச்சுச் சொன்னேன், டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். ஆனா இன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். முப்பது வருஷமா இந்த மூஞ்சிங்களப் பாக்கறேன், நடிப்புன்னா எனக்குத் தெரியும். நீ உயிரைக் குடுத்துப் பண்ணினே. அப்பவும் அதே மார்க்குதான் வருதுன்னா செப்டம்பர்ல நீ போட்டது உண்மைன்னுதானே அர்த்தம்? போ. போய் நல்லா ஆடு."

டார்சி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். தாளிலிருந்த ஐம்பத்தேழை இன்னொரு முறை பார்த்தான்.

வெளியே தாழ்வாரத்தில் திபோ நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். டார்சி கையிலிருந்த தாளைப் பார்த்தவன் ஒரே பாய்ச்சலில் வந்து கட்டிக்கொண்டான்.

"பாஸா? டேய் பெருசு, பாஸா! சனிக்கிழமை நீ அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தே பாரு, அன்னிக்குப் போன தூக்கம் எனக்கு. வெண்டல்கிட்ட எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? நீ மேல போடா. நான் போக இன்னும் பத்து வருஷம் இருக்கு."

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. டார்சி அதைக்கூட ஒரு நொடி உற்றுப் பார்த்தான். பழக்கம் அப்படி. பிறகு வெட்கமாக இருந்தது. ஐந்து நாளாக ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டாயிற்று. விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். அதைத் தோள்மேலேயே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

டிரக்கை ஓடவிட்டபடி ஜோலீன் காத்திருந்தாள். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. பின்னிருக்கையில் அவன் பெட்டி, அதன்மேல் மடிப்புக் கலையாமல் அவனுடைய ஒரே கோட்டு. அவன் ஏறி உட்கார்ந்ததும் தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்டா. சரி, இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். "எங்க அண்ணனுக்குப் போன் பண்ணணும், டிவில பாக்கச் சொல்லணும்."

டிரக் பின்னால் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பனிமேல் வெயில் விழுந்து கண்ணைக் குத்தியது. டார்சி கண்ணை மூடிக்கொண்டு, விடுபட்ட சொற்களில் ஒன்றையாவது பிடித்துவிடலாம் என்று தேடினான். நேற்று இருந்த பயம் வேறு. இது நிஜமான பயம்.

"ஜோலீன்."

"ம்?"

"செப்டம்பர்ல நான் வேணும்னே தப்புத் தப்பா பண்ணினேன். எல்லாருமே பண்றதுதான். ஜனவரில அடிபட்டா ஒத்துப்போகணும்னு."

அவள் பிரேக்கை மிதித்தாள். "என்னது? அப்ப இன்னிக்கும் ஏமாத்திட்டியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"இன்னிக்கு ஏமாத்தல ஜோலீன். தெரிஞ்சது எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணுகூட விடல." அவன் தாளைச் சுட்டிக்காட்டினான். "ஐம்பத்தேழுதான் வந்துச்சு."

அவள் அவனையே பார்த்தாள். புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் என்ஜினை அணைத்தாள். இந்தக் குளிரில் அணைத்த என்ஜின் மறுபடி கிளம்பாமல் போகலாம், இங்கே யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். தாளை எடுத்து அவன் மடியில் வைத்தாள், எதுவும் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் போலும்.

டார்சி தாளை நாலாக மடித்தான். கதவைத் திறந்து ஒரு காலைப் பனியில் வைத்தான்.

"வெண்டல் உள்ளதான் இருப்பாரு," என்றான். "திபோவயும் பிடிக்கணும். அவன் பெட்டி கட்டியிருக்க மாட்டான், மூணு மணிக்கு ஃப்ளைட்டு."