வாஹித் ஹாஜியாரின் தனிக் குவார்க்

பசறை அறிவு விருத்திச் சங்கத் தலைவர் வாஹித் ஹாஜியாருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை: செயலாளர் காமில் இல்லாமல் ஒரு கூட்டம். ஹாஜியாரின் தலைமையுரை அரை மணித்தியாலம் என்றால் காமிலின் நன்றியுரை முக்கால் மணித்தியாலம். சனம் வீடு போய்ச் சேரும்போது தலைமையுரை ஒருவருக்கும் நினைவிராது.

1979ஆம் ஆண்டுக் கூட்டத்தில் விஞ்ஞான ஆசிரியர் தாஸிம் குவார்க் பற்றிப் பேசினார். ஹாஜியாரின் புடைவைக் கடை கொடுத்த ஒரு யார் நீள இலாஸ்டிக்கின் இரு முனையிலும் பொத்தான் தைத்து வந்திருந்தார்.

“அணுவுக்குள்ள கரு, கருவுக்குள்ள துணிக்கை, துணிக்கைக்குள்ள குவார்க். இந்தப் பொத்தான் ரெண்டும் குவார்க் எண்டு வைங்க. கிட்ட ஈக்கிற நேரம் சும்மா ஈக்கும். தூரப் போனா மத்த விசையெல்லாம் கொறையும். இது விடாம இழுக்கும்.”

“இன்னும் பலமா இழுத்தா?” என்று கேட்ட ஹாஜியாரின் கண் காமில் மேல் இருந்தது.

“அறுந்திரும். ஆனா இழுத்த சக்தியே அறுந்த எடத்துல புதுசா ரெண்டு குவார்க்கை உண்டாக்கிரும். ஒரு சோடி ரெண்டு சோடியாகும். தனிக் குவார்க்கை ஒருத்தரும் கண்டதில்ல, ஹாஜியார்.”

“புடைவைக் கடைக்காரனுக்கு இலாஸ்டிக் படிச்சுக் குடுக்காதீங்க, மாஸ்டர்.” ஹாஜியார் எழும்பினார். “இண்டையிலீந்து செயலாளர் பதவி இல்ல. தலைவர் மட்டும்தான்.”

காமில் ஆத்திரப்படவில்லை. “நல்லம். வாறவங்க வாங்க,” என்றார். பாதிக் கூட்டம் எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போயிற்று. தேத்தண்ணி ஆறுமுன் அங்கே புதுச் சங்கம் பிறந்தது. தலைவர் காமில். தலைவருக்கு நன்றி சொல்ல ஆள் வேண்டுமே, செயலாளர் றஹீம்.

இங்கே ஹாஜியார் ஒரு மணித்தியாலம் ஆசைதீர முழங்கிவிட்டு அமர்ந்தார். ஒருவரும் கதிரையை விட்டு அசையவில்லை. நன்றியுரை முடியாமல் எழும்புவது பசறையில் வழக்கமில்லை. ஹாஜியார் தாமே ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தார்.

“தலைவருக்குத் தலைவரே நன்றி செல்றதா?” என்றார் முன்வரிசை அலவி. “ஊரு சிரிக்கும், ஹாஜியார்.”

ஹாஜியார் சுற்றிலும் பார்த்தார். “மாஸ்டர், ரெண்டு வார்த்தை செல்லுங்க. செயலாளர் எண்டே வச்சிக்கங்க.”

தாஸிம் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பதினாறு பக்கம் எடுத்தார். “விரிவுரையில விடுபட்ட சில விஷயங்கள் ஈக்கி…”

ஆறாம் பக்கத்தில் ஹாஜியார் அலவியின் காதருகே குனிந்தார். “காமிலைக் கூட்டிட்டு வாங்க. அவரு முக்கால் மணித்தியாலத்துலயாவது முடிப்பாரு.”

அலவி போய்த் திரும்பி வந்தார். “இப்ப வர ஏலாதாம், ஹாஜியார். றஹீம் அவருக்கு நன்றி செல்லிக்கிட்டு ஈக்காராம்.”